செனட்டில் பெரும்பான்மை எதிர்த்ததா?

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்த வெர்சாய் சமாதான உடன்படிக்கையை அமெரிக்க செனட்டில் பெரும்பான்மையோர் எதிர்த்ததால்தான் அது கடைசியில் தோற்றது என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். பலர் அதையே பகிர்ந்தும் இருக்கிறார்கள். கடைசி வாக்கெடுப்பில் நடந்தது அதுவல்ல, நண்பரே.

1920 மார்ச் 19 அன்று ஆதரவாக 49 பேர், எதிராக 35 பேர் வாக்களித்தார்கள். அதாவது பெரும்பான்மை ஆதரித்தது. ஆனால் உடன்படிக்கைக்கு, வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மொத்தம் 84, தேவை 56, ஏழு வாக்கு குறைந்தது. அவ்வளவுதான்.

எதிர்த்த அந்த 35 பேர் யார் என்பதுதான் சுவாரசியம். எப்படியும் வேண்டாம் என்று நின்ற குடியரசுக் கட்சியினர் 12 பேர்தான். மீதி 23 பேர் அதிபர் வில்சனின் சொந்த ஜனநாயகக் கட்சியினர்! செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த லாட்ஜ் சேர்த்த நிபந்தனைகளோடு ஏற்க வேண்டாம் என்று வில்சனே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த உடன்படிக்கையை அவர் ஆட்களே கவிழ்த்தார்கள் என்றால் கொஞ்சம் வேடிக்கைதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: 1919 நவம்பர் 19 வாக்கெடுப்புகளில் எதிர் வாக்குகளே அதிகம். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் அவைக்குறிப்பில் 1920 மார்ச் 19 தேதியை எடுங்கள். யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பெயராக இருக்கும். மூன்றில் இரண்டு விதி அரசியலமைப்பின் இரண்டாம் விதி, இரண்டாம் பிரிவில் இருக்கிறது.