ஒன்றரை ஷிப்ட்டுக்குப் பிறகு எந்த நடைப்பயிற்சி?

சர்க்கரை நோய் பற்றி மேடையில் ஒருவர் பேசிய அந்தக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் ஆறு முறை வந்துவிட்டது. பேசியவரின் பெயரைச் சொல்லி அவருக்கு இன்னும் விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. "இலவச அரிசியைத் தின்றுவிட்டு உட்கார்ந்தே இருந்தால் சர்க்கரை வராமல் என்ன வரும்?" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.

யார் ஐயா உட்கார்ந்திருக்கிறார்கள்?

என் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். காலை எட்டரைக்கு மேசை முன்னால் நின்றால் இரவு எட்டரை ஆகும். ஒன்றரை ஷிப்ட். அடிக்கடி கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசரின் முகம் மாறுகிறது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர். எடை 46 கிலோ. ஆனாலும் அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒல்லியான உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது நம்மவர்களிடம் அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு உடல்பருமனின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) அளவை 30-இலிருந்து 25-க்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் வராது.

"சர்க்கரை பணக்காரர் வியாதி" என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் 15 மாநிலங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் நகர்ப்புறங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் நீரிழிவு கூடுதல். அதாவது வியாதி எப்போதோ லைன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. அறிவுரை மட்டும் இன்னும் அடுக்குமாடியிலேயே இருக்கிறது: ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், காலையில் ஊறவைத்த பாதாம் ஆறு.

"நடப்பதற்குக் காசா கேட்கிறார்கள்?" என்பீர்கள். கேட்கவில்லைதான். நேரம் கேட்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் வீங்கியிருக்கும்போது, தெருவிளக்கு எரியாத சந்தில் நடந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

"அரிசியைக் குறைக்கச் சொன்னது தப்பா?" தப்பே இல்லை. என் பாட்டி ராகிக் களி தின்று வளர்ந்தவர். ஆனால் ரேஷனில் அரிசி சும்மா வருகிறது. பருப்பையும் காயையும் முட்டையையும் போதிய அளவுக்குக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல காரியம். அதைத்தான் ஊர் ஊராகக் கேட்க வேண்டும், வாங்கித் தின்றவர்களைத் திட்டக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் புகழ்ந்தால் ஒரு கட்சிக்காரன் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். 2021-இல் அது வந்த பிறகுதான் ரத்த அழுத்த மாத்திரை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. பகலில் வீடு பூட்டியிருப்பதால் பக்கத்து வீட்டு அக்காதான் வாங்கி வைப்பார். அதற்கு முன்பு மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகும். கூலியை விட மனமில்லாமல் அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்ட மாதங்கள் உண்டு. அதற்கும் ஒருமுறை மருத்துவமனையில் வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "உங்களுக்கெல்லாம் சொன்னால் புரியாதா?" என்று கேட்டார்கள். உங்களுக்கெல்லாம்! அந்த "எல்லாம்" யார் யார் என்று எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் ஒரு சின்னச் சட்டி, அதற்குள் இன்சுலின் குப்பி. வெயில் காலத்தில் பானையின் மேல் ஈரத்துணி. இத்தனை அக்கறையோடு இருப்பவரைத்தான் சோம்பேறி என்கிறார் அந்தப் பெரிய மனிதர்.

செவ்வாய்க்கிழமை இரவு அம்மாவும் அந்தக் காணொளியைப் பார்த்தார். "அவர் சொல்வதும் சரிதானே கண்ணு, நான்தான் சோற்றைக் குறைக்கவில்லை" என்றார். எப்போதும் போல ஊசியைப் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

இரவு இரண்டு மணிக்கு முனகல் கேட்டு எழுந்தேன். புடவை முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது, நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. சர்க்கரையைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக வாயில் ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது. அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன? காலையில் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும்."