எஃப்.சி. இருந்தது, கொக்கியை யார் பார்த்தார்கள்?

மேம்பாலத்து இறக்கத்தில் பிக்கப் வண்டியின் பின்னாலிருந்து கழன்று, தன் போக்கில் ஓடித் தடுப்புச்சுவரில் மோதி நின்ற ஜெனரேட்டர் ட்ரெய்லரின் வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். அனுப்பியவர்களுக்கு நன்றி. பார்த்துவிட்டேன். யாருக்கும் அடிபடவில்லை என்பதில் உங்களுக்கு இருக்கும் நிம்மதி எனக்கும் இருக்கிறது. ஆனால் அதன் கீழே நம் பெங்களூர்த் தமிழர்களே எழுதியிருக்கும் கருத்துகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்றிதழ்) இல்லாத ஓட்டை வண்டிகளை வைத்துக்கொண்டு ஊரார் உயிரோடு விளையாடுகிறார்கள்" என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார், அதற்கு விழுந்த விருப்பக்குறிகளை எண்ணி மாளாது. இன்னொருவர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் என் பெயரைக் குறிப்பிட்டு, "உங்கள் தொழில்காரர்தானே, பதில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

அந்த பிக்கப் வண்டிக்கு எஃப்.சி. இருந்தது. வீடியோவில் எண் பலகை தெளிவாகத் தெரிகிறது. பரிவாகன் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், தகுதிச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்பதை அது யாருக்கும் காட்டிவிடும். தீர்ப்பு எழுதியவருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எனக்குக் கிடைத்தது. சான்றிதழ் நடப்பில்தான் இருக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சோதனை முடித்து, கட்டணம் கட்டி, முத்திரை வாங்கிய ஒரு வண்டியிலிருந்து ட்ரெய்லர் எப்படிக் கழன்றது?

அல்சூரில் நாங்கள் நடத்தும் ஜெனரேட்டர் வாடகைத் தொழில் அப்பா தொடங்கியது. எஃப்.சி. காட்டுவது என்றால் என்ன என்பதை நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்து வருகிறேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, இழுத்துச் செல்லப்படும் ட்ரெய்லரும் தனி வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு, தனி எண், தனிக் காப்பீடு, தனி எஃப்.சி. எங்கள் பிக்கப்புக்கு ஒரு தேதி வரும், ட்ரெய்லருக்கு வேறொரு தேதி வரும். கடந்த முறை, இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிடட்டும் என்று நான் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டே சோதனை இடத்துக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, "அதைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வா, வழியை அடைக்காதே" என்றார்கள். கழற்றிவிட்டேன். உள்ளே பிரேக் இன்ஸ்பெக்டர் வைப்பரை ஓட்டிப் பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். இண்டிகேட்டர், கை பிரேக், முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர், ஸ்பீட் கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நியாயமான சோதனைகளே. நான் ஒன்றையும் குறை சொல்லவில்லை. பின்பக்கம் வந்தபோது, சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் கொக்கியைத் தாண்டிக் குனிந்து, நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். கொக்கியைத் தொடவில்லை. ட்ரெய்லருக்கான தேதி வந்தபோது அதன் சேசிஸ் எண், டயர், பின்விளக்கு ஆகியவற்றைப் பார்த்தார்கள். அப்போதும் இழுவைக் கம்பியின் முனையிலுள்ள வளையத்தை யாரும் கையால் ஆட்டிப் பார்க்கவில்லை.

இதைத்தான் நான் ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறேன். வண்டியைத் தனியாகச் சோதிக்கிறார்கள், ட்ரெய்லரைத் தனியாகச் சோதிக்கிறார்கள். சாலையில் இரண்டும் சேர்ந்துதான் ஓடுகின்றன. விபத்து நடப்பது இரண்டும் சேரும் இடத்தில். அந்த இடத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது? பிக்கப்பின் பக்கம் ஒரு கொக்கி, அதற்கு மேலே மூடிக்கொள்ளும் ஒரு நாக்கு, நாக்கு திறந்துவிடாமல் குறுக்கே ஒரு 'பின்' (செருகு ஆணி), அது கழன்றுவிடாமல் அதன் துளையில் ஒரு சின்னக் கிளிப். ட்ரெய்லரின் பக்கம் ஒரு வளையம், இருபுறமும் சங்கிலி, விளக்குகளுக்கான வயர். கிளிப்பின் விலை ஒரு டீயின் விலைக்கு மேல் போகாது. அது தொலைந்தால் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு வண்டியை எடுப்பவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். இல்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. சங்கிலிகளை நேராக மாட்டாமல், இழுவைக் கம்பிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி மாட்ட வேண்டும். அப்படி மாட்டியிருந்தால், கொக்கி விட்டுப்போனாலும் கம்பியின் முனை தரையில் குத்தாமல் சங்கிலியின் மேல் விழும். ஓட்டுநர் மெல்ல மெல்ல நிறுத்திவிடலாம். அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சங்கிலியே கண்ணில் படவில்லை. 62.5 கே.வி.ஏ. மின்திறனுள்ள, சத்தமில்லாத ஜெனரேட்டர் ஒன்றரை டன் அளவுக்கு எடை வரும். இழுக்கும் பிக்கப்பும் காலியாக நிற்கும்போது ஏறக்குறைய அதே எடைதான். மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக் போட்டால், பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளும். வளையம் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் கொக்கியில் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். அப்பா அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டால் அடுத்த பெட்ரோல் பங்கிலேயே வண்டியை நிறுத்திவிடுவார். புறப்படும் முன் இழுவைக் கம்பியைக் காலால் ஓங்கி உதைத்துப் பார்க்காமல் அவர் சாவியைக் கொடுத்ததே இல்லை. ஒரு முகூர்த்த நாளில், மண்டபத்துக்காரர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்க, கிளிப் கிடைக்கும் வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று கலாசிப்பாளையத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். அன்றைய வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த உதைக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

"கட்டணம் கட்ட மனமில்லாமல் சுற்றி வளைக்கிறாய்" என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். அவருக்கு முன்கூட்டியே பதில். மனமிருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். 15 ஆண்டுகளைத் தாண்டிய இலகுரகச் சரக்கு வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 7,500 ரூபாய் ஆக்கினார்கள். 2025 நவம்பரில் மறுபடியும் மாற்றி, 20 ஆண்டுகளைத் தாண்டியவற்றில் இலகுரக வண்டிக்கு 15,000 ரூபாய், கனரக வண்டிக்கு 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இதற்கு மேல் பட்டறைச் செலவு, பட்டிப் பூச்சு, பெயிண்ட், ஸ்டிக்கர், அந்த ஸ்டிக்கருக்கு ஒரு சான்றிதழ், இரண்டு நாள் ஓட்டமில்லாத நட்டம். இவ்வளவும் சாலைப் பாதுகாப்புக்காக என்றால் வாயைத் திறக்காமல் கட்டுவேன். கொக்கியைப் பார்க்காத சோதனைக்கு எதற்காக இவ்வளவு என்று கேட்டால் மட்டும் நான் கஞ்சன் ஆகிவிடுகிறேன். சோதனையே வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? சோதனை செய்யுங்கள் என்றுதான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

கட்டணத்தை ஏற்றினால் பழைய வண்டிகள் ஒழியும் என்பார்கள். சில ஒழியலாம். பல, எஃப்.சி. காட்டுவதையே நிறுத்திவிட்டு இரவில் மட்டும் ஓடும். எஃப்.சி. காட்டும் நாளில் மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, மாலையில் வழுக்கை டயருக்குத் திரும்பும் வண்டிகளைப் பார்த்தவன் நான்.

"எல்லாம் தானியங்கிச் சோதனை நிலையம் வந்தால் சரியாகிவிடும், மனிதக் கை படாது" என்று மென்பொருள் நண்பர்கள் சிலர் நம்புகிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். லஞ்சம் குறையும் என்பதும் உண்மையாக இருக்கலாம். கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல், இலகுரக வண்டிகளுக்கு 2024 ஜூன் முதல் அது கட்டாயம் என்று முதலில் தேதி குறித்து, பிறகு 2024 அக்டோபருக்குத் தள்ளினார்கள் என்பது தனிக் கதை. என் சந்தேகம் இயந்திரத்தைப் பற்றியது. உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றினால் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அது சொல்லும், முன்விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று சொல்லும், புகையை அளக்கும். வளையம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நாக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, பின்னுக்குக் கிளிப் இருக்கிறதா என்பதை ஒரு மனிதன் குனிந்து, கையில் கிரீஸ் பட, பார்த்தால்தான் தெரியும். மனிதக் கை படாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். இந்த ஒரு இடத்தில் மனிதக் கை பட வேண்டும் ஐயா.

வெளிநாட்டைப் பார் என்பவர்களுக்காக வெளிநாட்டையும் பார்த்துவிட்டேன். சித்தி மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். பிக்கப்பின் பின்னால் படகை இழுத்துக்கொண்டு போய்ப் புகைப்படம் போடுபவன். அவனுடைய டெக்சாஸ் மாநிலத்தில், வணிக வாகனம் அல்லாதவற்றுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரி முதல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சோதனைக்காக வாங்கிவந்த ஏழரை டாலரை மட்டும், வேறு பெயர் வைத்து, பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்குகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது; அங்கேயும் நம் ஆட்கள் இருப்பார்கள் போலிருக்கிறது. ஆனால் வணிகத்துக்கு ஓடும் வண்டிகளுக்கு அந்த நாட்டின் மத்திய விதி வேறு. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் பிக்கப்பையும் ட்ரெய்லரையும் சேர்த்துக் கணக்கிட்ட எடை 10,001 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,500 கிலோவைத் தொட்டால், இரண்டுக்கும் ஆண்டுச் சோதனை கட்டாயம். அந்தச் சோதனைப் பட்டியலில் பிரேக்குக்கு அடுத்து இருப்பதே இணைப்புக் கருவிகள்தான்: கொக்கி, இழுவைக் கம்பி, சங்கிலி எல்லாம் பெயர் சொல்லி எழுதியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு பாரமாகப் பார்க்க அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கு, வாசலில் கழற்றிவிட்டு வா என்று சொல்லத் தோன்றியிருக்கிறது.

இவ்வளவு பொறுமையாக எழுதிக்கொண்டு வரும்போதே, இன்று காலை வர்த்தூர் சாலையில் கண்ட காட்சி நினைவுக்கு வந்து தொலைக்கிறது. தண்ணீர்த் தொட்டியை இழுத்துச் செல்லும் ஒரு டிராக்டர். பின்னால் எண் பலகை இல்லை, விளக்கு இல்லை, ஒளி ஸ்டிக்கர் இல்லை, வழியெங்கும் தண்ணீர் சிந்திக்கொண்டே போகிறது. சட்டத்தின் 61ஆவது பிரிவு, இழுக்கும் வண்டியின் எண் கடைசி ட்ரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது? 2024 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த டிராக்டர் வரவில்லை என்றால் பாதி ஒயிட்ஃபீல்டு குளித்திருக்காது. எனவே அதை யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள். நாங்கள் மட்டும் எளிதில் கிடைத்துவிடுகிறோம். பதிவு செய்து, எண் எழுதி, வரி கட்டி, வரிசையில் நிற்பவனைத்தான் பிடிக்க முடியும். பதிவே இல்லாதவனுக்கு எஃப்.சி. காலாவதியாவது எப்படி?

டிராக்டரைக் காட்டி உன் தவறை மறைக்காதே என்பீர்கள். என் தவறு எது என்று சொன்னால் பதில் சொல்கிறேன். நான் கேட்பது மிகச் சிறியது. எஃப்.சி. படிவத்தில் கொக்கி, பின், சங்கிலி, விளக்கு இணைப்பு என்று நான்கு வரிகள் சேருங்கள். ட்ரெய்லரை மாட்டியபடியே உள்ளே விட்டு, ஒருமுறை இழுத்து நிறுத்திப் பாருங்கள். பிக்கப்புக்கும் ட்ரெய்லருக்கும் ஒரே தேதி கொடுங்கள். அதற்காக இன்னும் சில நூறு ரூபாய் கூடுதலாக வேண்டுமென்றால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்ரெய்லரையே நகரத்துக்குள் தடை செய்ய வேண்டும் என்று எழுதியவருக்கு ஒரு கணக்கு. தடை செய்தால் ஜெனரேட்டர் லாரியின் மேல் ஏறி வரும். ஏற்ற ஒரு கிரேன், இறக்க ஒரு கிரேன். நெரிசல் நேரத்தில் லாரிக்கு அனுமதியும் கிடையாது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தைய இரவே அது வந்து மண்டப வாசலை அடைத்து நிற்கும், அத்தனை செலவும் உங்கள் ரசீதில்தான் வரும். அந்த நண்பர் வசிக்கும் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்குச் சென்ற ஆண்டு ஜெனரேட்டர் கொண்டுபோய் நிறுத்தியது நாங்கள்தான். இந்த ஆண்டு வாடகை பேசப் போனபோது, சங்கத்துக்காரர்கள் ட்ரெய்லரின் எஃப்.சி.யைக் கேட்கவில்லை, காப்பீட்டைக் கேட்கவில்லை. "இன்னொருவர் இதைவிடக் குறைத்துத் தருகிறார், நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். அந்த இன்னொருவரை எனக்குத் தெரியும். அவருடைய ட்ரெய்லருக்குப் பதிவு எண்ணே கிடையாது. எண்ணுக்கும் எஃப்.சி.க்கும் ஆகும் செலவை விட்டுவிட்டு அந்த விலைக்கு என்னால் இறங்க முடியவில்லை. அவரிடமே எடுத்துக்கொண்டார்கள்.