லெவீன் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை
இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது பற்றிய கட்டுரை ஒன்று, முதலில் லெவீன் சோதனையால் அவற்றின் சிதறல்கள் (மதிப்புகள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) சமமா என்று பார்த்து, சமமென்றால் ஸ்டூடண்ட் டி சோதனையையும் இல்லையென்றால் சிதறல்கள் சமமாக இருக்கத் தேவையில்லாத வெல்ச் சோதனையையும் எடுக்க வேண்டும் என்று கூறுகிறது; இதை என்னால் ஏற்க முடியவில்லை. குழு சிறியதாக இருக்கும்போது லெவீன் சோதனைக்கே வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் திறன் போதாது. அது வேறுபாட்டைக் காட்டவில்லை என்பது சமத்துவத்துக்குச் சான்றாகாது. ஒரு குழுவில் 16 பேர், திட்டவிலக்கம் (சிதறலைக் காட்டும் அளவு) 12; மற்றதில் 64 பேர், திட்டவிலக்கம் 6; சராசரிகளின் வேறுபாடு 5 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஸ்டூடண்ட் முறையில் டி (சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டப்பிழையால் வகுத்த எண்) 2.37, பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) ஏறத்தாழ 0.02; வெல்ச் முறையில் டி 1.62, பி மதிப்பு ஏறத்தாழ 0.12. சிறிய குழுவின் பெரிய சிதறலை ஸ்டூடண்ட் முறை மற்றக் குழுவின் சிதறலோடு கலந்து மறைத்துவிடுவதே இதற்குக் காரணம். சிதறல்கள் உண்மையிலேயே சமமாக இருந்தாலும் வெல்ச் சோதனையால் நாம் இழப்பது மிகச் சொற்பம் என்பதால், தரவைத் திரட்டும் முன்பே அதைத் தேர்ந்துகொள்வதுதான் முறை. வெல்ச் முறையில் கட்டின்மை எண் (டி மதிப்பிலிருந்து பி மதிப்பைப் பெற உதவும் எண்) இங்கே போல 16.9 என்று தசமத்தில் வந்தால் முழு எண்ணாக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆக்கக் கூடாது, எந்தச் சோதனை செய்யப்பட்டது என்பதை வாசிப்பவருக்கு அந்தத் தசமமே உணர்த்துகிறது. மாணவர்களின் ஆய்வேடுகளைப் படிக்கும்போது பி மதிப்பை விட நான் முதலில் தேடுவது ஒவ்வொரு குழுவின் எண்ணிக்கை, சராசரி, திட்டவிலக்கம் ஆகிய மூன்றையும்தான், ஏனெனில் அவை இருந்தால் மேலே செய்தது போல எவரும் கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.