காற்றுக்கு மடை கட்டியவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் எங்கள் பெங்களூர் முருகேஷ்பாளையா வீட்டுக்கு வந்திருந்தான். மின்சார வாகனங்கள் செய்யும் இடத்தில் பொறியாளராக இருக்கிறான். அப்பாவின் மேசைமேல் இருக்கும் பழைய விமான சிலிண்டரைப் பார்த்துவிட்டு, “மாமா, சின்ன விமானங்கள் இன்னமும் இந்த மாதிரி எஞ்சினில்தான் பறக்கின்றனவா? வெட்கமாக இல்லையா?” என்று கேட்டான். அன்று நான் சொன்ன பதில் போதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

புல்லட் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு அந்த சிலிண்டரின் உருவம் தெரியும். தகடு தகடாக ஃபின்கள்; அவற்றின் நடுவே ஓடும் காற்றுதான் சூட்டை எடுத்துச் செல்லும். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, அதற்கான பம்பும் குழாயும் இல்லை. இல்லாத பாகம் நடுவானில் ஒழுகாது. ஆனால் இந்த ‘இல்லை’களைச் சம்பாதிக்க ஒரு தலைமுறை போராடியிருக்கிறது. 1909இல் பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது மூன்று சிலிண்டர் அன்சானி எஞ்சினில். சூடேறித் தவிக்கும் எஞ்சின் அது. அதே காலத்தில் பிரான்சின் செகான் சகோதரர்கள் சிலிண்டர்களையே புரொப்பல்லரோடு சேர்த்துச் சுழலவிட்டார்கள். அவர்களுடைய நோம் எஞ்சின் தனக்குத் தானே விசிறிக்கொண்டது; விளக்கெண்ணெயைக் குடித்து வெளியே துப்பவும் செய்தது.

விடிவு உலோகத்தில் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில் கிப்சனும் ஹெரானும் சிலிண்டருக்கு அலுமினியத் தலை வைத்து ஆராய்ந்தார்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடச் சூட்டை விரைவாகக் கடத்தும். அப்பா எங்கள் மேசை சிலிண்டரில் அந்தச் சேர்க்கையைத் தொட்டுக் காட்டுவார். அலுமினியத் தலையைச் சூடேற்றி, அது விரிந்திருக்கும்போதே எஃகு உருளையின் மேல் திருகுவார்கள். ஆறியதும் அது உடும்புப் பிடியாகக் கவ்விக்கொள்ளும்.

அவர் விமான எஞ்சின்களோடு வேலை செய்தவர். ஒருமுறை ஜக்கூர் விமானத் தளத்தில் திறந்து வைத்திருந்த எஞ்சின் ஒன்றைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே போனார். காற்றைத் திருப்பிவிடச் சிலிண்டர்களைச் சுற்றி வைத்த தடுப்புத் தகடுகளின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஓரிடத்தில் வெளிப்பக்கமாக மடிந்திருந்தது. விரலளவு இடைவெளிதான். முன்னால் நுழையும் காற்று ஃபின்களுக்கு நடுவே புகுந்து கீழே இறங்க வேண்டும்; ஓட்டை கிடைத்தால் அந்த வழியே ஓடிவிடும், பின்னால் இருக்கும் சிலிண்டர் வேகும். “மடையில் உடைப்பு இருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகுமா?” என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளையாதலால் அவருக்கு அப்படித்தான் சொல்ல வரும். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

சாதாரண மனிதர்களுக்கு வானத்தைத் திறந்துவிட்டதும் இந்த எஞ்சின்தான். போருக்குப் பின் மிஞ்சிக் கிடந்த ரெனால்ட் வி-8 எஞ்சின்களின் பாகங்களை வைத்து ஆங்கிலேயப் பொறியாளர் ஹால்ஃபோர்டு நான்கு சிலிண்டர் சிர்ரஸை உருவாக்கினார். அதோடு 1925இல் டி ஹாவிலாண்ட் மாத் என்ற சிறு விமானம் பறந்தது. அடுத்து ஜிப்சி என்ற எஞ்சின் வந்தது. ஜிப்சி-3இல் எஞ்சினையே தலைகீழாக்கி, சிலிண்டர்களைக் கீழே தொங்கவிட்டார்கள். விமானிக்கு முன்னால் பார்வை மறையவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலோடு பம்பாய்க்கு வந்த புஸ் மாத் விமானத்தில் இருந்தது இந்த வகை எஞ்சின்தான். அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். சென்னைக்கு விமானத் தபால் சேவை இப்படித்தான் வந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இந்த பெங்களூரிலேயே 1951இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்துக்கும், 1958இல் பறந்த புஷ்பக் என்ற சிறு விமானத்துக்கும் காற்றில் குளிரும் எஞ்சின்கள்தான். புஷ்பக்கில் இருந்தது 90 குதிரைத்திறன் கான்டினென்டல். சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் வகை. இப்போதும் சிறு விமானங்களில் பெரும்பாலும் அந்த அமைப்புதான்.

ஆகவே பழையது என்பதற்காக எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறிடத்தில் இருக்கிறது. எரிபொருள் முன்கூட்டியே வெடித்து எஞ்சினை உடைக்காமலிருக்க, விமானப் பெட்ரோலில் இன்னமும் ஈயம் சேர்க்கிறார்கள். காருக்கு ஊற்றும் பெட்ரோலில் இந்தியா 2000ஆம் ஆண்டே அதை ஒழித்துவிட்டது. ஓடுதளத்தை ஒட்டி வாழும் குழந்தைகளின் மூச்சில் ஈயம் கலப்பது எந்தக் காரணத்தாலும் நியாயமாகாது. என் அக்கா மகன் கோபப்பட வேண்டியது இதற்காகத்தான். அவன் அந்த ஈயத்தை ஒழிக்கும் வேலையில் இறங்குவதானால், அப்பாவின் சிலிண்டரை இரண்டாக வெட்டிப் பார்க்கக்கூடக் கொடுப்பேன்.