திருச்செந்தூர் – கன்னியாகுமரி: ரோட்டில் போனால் கடற்கரை தெரியாது

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரச் சாலையில் சுமார் 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் ஓட்டி முடித்துவிட்டு, "வழியில ஒண்ணுமே இல்ல, பனையும் காத்தாடியும் (காற்றாலை)தான்" என்று பலர் எழுதுகிறார்கள். வேறென்ன தெரியும்? மணப்பாடு, கூத்தங்குழி, இடிந்தகரை எல்லாம் மெயின் ரோட்டை விட்டு இடப்பக்கம் பிரிகிற கிளைச் சாலையின் கடைசியில் இருக்கின்றன. திரும்பி உள்ளே போகாதவருக்கு ஊரும் இல்லை, கடலும் இல்லை.

ஒரு நாளைக்கு மூன்று ஊருக்கு மேல் வைக்காதீர்கள். மணப்பாடு, உடன்குடி, உவரி போதும். வரிசையைவிட நேரம்தான் முக்கியம். இந்தக் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இரவிலோ விடியலுக்கு முன்போ போய், வெயில் ஏறும்போது திரும்பும். காலை 7 மணிக்குக் கரையில் நின்றால் ஏலம் பார்க்கலாம். 11 மணிக்குப் போனால் வெறும் மணலும் தூங்குகிற ஊரும்தான். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவ ஊர்களில் கடலுக்குப் போவதில்லை; வார இறுதியில் மீன் வாங்க வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் மீனே இருக்காது என்பதும் தவறு. தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் போகும், விலை மட்டும் ஏறியிருக்கும்.

ஏலத்தில் மீனைக் குவியலாகப் போட்டுத்தான் விலை கூறுவார்கள். "ஒரு சீலா மட்டும் குடுங்க" என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குவியலை எடுத்த பெண்கள் பக்கத்திலேயே பிரித்து விற்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் நேற்றைய மீன். நெடுந்தூரம் கொண்டுபோவதானால் குடலை எடுத்துவிட்டு, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ். தெர்மாகோல் பெட்டியின் அடியில் துளை போடாவிட்டால் உருகிய தண்ணீரில் ஊறி, வீடு போய்ச் சேரும்போது மீன் வெளுத்துச் சப்பென்று ஆகிவிடும். கரையில் காய்கிற வலையை மிதிக்காதீர்கள். படகை மணலில் ஏற்றும் பாதையில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். இதையெல்லாம் சொல்ல வேண்டியிருப்பதே கொடுமை.

மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. கடலை ஒட்டியிருந்தும் அங்குள்ள கிணற்றில் நல்ல தண்ணீர். பனையோலைப் பொருள் வாங்குவதானால் இந்த ஊரில் வாங்குங்கள்.

இங்கே கார்கள் மாட்டுவது மணலில்தான். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் ரோட்டோரமே மணல் மூடிக் கிடக்கும். குதிரைமொழித் தேரியின் (செம்மணல் மேட்டின்) மணல் அதைவிட மோசம். டயர் புதைந்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பவர் தன் குழியைத் தானே தோண்டுகிறார். நிறுத்திவிட்டு, டயருக்கு முன்னும் பின்னும் உள்ள மணலை வாரி எடுத்துவிட்டு, 32 பிஎஸ்ஐ காற்றை 20க்கு இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்பாமல் வேகம் எடுத்தால் டயர் சூடாகி வெடிக்கலாம், அதனால் சிறிய ஏர் பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு விட்டுவைக்காது.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலப்படமும் அந்தப் பெயரிலேயே நடக்கிறது. சீனி கலந்தது வெளிர் நிறமாக, உடைத்தால் மினுமினுக்கும். நல்ல கருப்பட்டி கருமையாக, மழைக்காலத்தில் கசிந்து இளகும். சீனி விலைக்குப் பக்கத்தில் யாராவது கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் மதியத்துக்கு மேல் புளிப்பு தட்டும்.

உவரியில் கப்பல் மாதா கோயிலையும் அந்தோணியார் கோயிலையும் பார்க்கிறவர்கள் சுயம்புலிங்க சுவாமி கோயிலை விட்டுவிடுகிறார்கள். ஓலைப்பெட்டியில் கடல் மணலை அள்ளித் தலையில் சுமந்துவந்து கொட்டும் நேர்த்திக்கடன் அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்குக் கூட்டம் நெரியும்.

கூடங்குளம் பக்கம் டிரோனை வெளியே எடுக்காதீர்கள், அணுமின் நிலையம் இருக்கிறது. இடிந்தகரை 2011 முதல் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தின் மையம். எத்தனையோ வழக்குகளைச் சந்தித்த ஊர். தெரியாத முகம் கேமராவைத் தூக்கினால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தங்குவதற்குத் திருச்செந்தூர் அல்லது கன்னியாகுமரி; நடுவில் லாட்ஜை நம்பிப் போகாதீர்கள். குலசை (குலசேகரப்பட்டினம்) தசரா சூரசம்ஹாரத்தை ஒட்டி இந்தக் கடலோரச் சாலைப் பக்கமே போக வேண்டாம். அந்த நாளில்தான் போக முடியும் என்றால் திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளை வழியாகச் சுற்றி உவரிக்கு வந்துவிடலாம்.