துருவ மேகத்தில் ரசாயனமா?

நாகர்கோவில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “துருவ மேகங்களில் மைனஸ் 20 டிகிரியிலும் தண்ணீர் உறையவில்லை. ரசாயனம் தெளிக்கிறார்கள். குலசேகரத்து மழைக்கும் அதுவே காரணம்.”

உறையாதது உண்மை, ரசாயனம் கட்டுக்கதை. நுண்துளி உறையத் தூசு போன்ற பிடிமானம் வேண்டும். இல்லையென்றால் சுமார் மைனஸ் 38 வரை நீராகவே இருக்கும். ஃப்ரீசரில் அசையாமல் கிடந்த பாட்டிலைத் தட்டியதும் தண்ணீர் சடசடவென்று உறையுமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. துருவக் காற்றில் அந்த வகைத் தூசு குறைவு. உருவாகும் கொஞ்சப் படிகங்களும் ஈரத்தை இழுத்துப் பருத்து விழுந்துவிடும். ஆனால் மேகத்தின் உச்சி வெப்பத்தை இழந்து குளிர, காற்று புரண்டு புதுத் துளிகள் பிறக்கும். நாட்கணக்கில் மேகம் நிற்பது இப்படித்தான். 1997-98இல் ஆர்க்டிக் கடல்பனியில் நடந்த ஷீபா ஆய்விலேயே இது பதிவாகியிருக்கிறது.

குலசேகரத்து மழைக்குப் பருவக்காற்றும் மேற்குத் தொடர்ச்சி மலையும் போதும்!

இப்படி உறைநிலைக்குக் கீழேயும் உறையாமல் நிற்கும் ‘மீக்குளிர்ந்த’ துளிகள் பற்றி உலக வானிலை அமைப்பின் இணைய மேக அட்லஸில் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.