பாரடே எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று சிரித்தவர்களுக்கு

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். விஞ்ஞானி பாரடே சுரங்கத்துக்குள் போன கதையை ஒரு ஜோக் பக்கம் துணுக்காகப் போட்டிருக்கிறது, மூன்று நாளாக அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுட்டி கொடுத்து அந்தப் பக்கத்துக்கு நான் வேறு ஆள் சேர்த்துவிட வேண்டாம்.

துணுக்கு பொய் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்கேல் பாரடே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார். காற்று என்ன வேகத்தில் ஓடுகிறது என்று எப்படி அளக்கிறீர்கள் எனக் கேட்கிறார். அங்கிருந்த ஆள், மூக்குப்பொடி எடுப்பதுபோல ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து, இன்னொரு கையில் இருந்த மெழுகுவர்த்திச் சுடரில் தூவுகிறான். அந்தப் புகை இவ்வளவு தூரம் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கூட இருந்தவன் கடிகாரத்தில் பார்க்கிறான். சரி, மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பையில், வாயை இறுக்கிக் கட்டி. பை எங்கே? நீங்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் ஐயா. பாரடே துள்ளி எழுந்தார். கூடப் போயிருந்த நிலவியலாளர் சார்ல்ஸ் லயல் பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதிய சம்பவம் இது. வந்த பெரிய மனிதருக்கு மெத்தென்ற இடமாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பையைப் போட்டிருக்கிறார்கள்.

நானும் முதல்முறை படித்தபோது சிரித்தேன். மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்தில் இதற்கு வைத்த தலைப்பு 'அந்தக் காலத்து சேஃப்டி ஆபீசர்'. கீழே ஆயிரக்கணக்கில் ஹாஹா. "படிக்காத பசங்க, சாகத்தான் செய்வாங்க" என்று ஒரு கமெண்ட், அதற்கும் நூற்றுக்கணக்கில் லைக். நான் போய் ஒரே ஒரு வரி கேட்டேன். பாரடே அந்தச் சுரங்கத்துக்கு ஏன் போனார் தெரியுமா? வந்த பதில்: "அங்கிள், ஜோக்கை ஜோக்கா பாருங்க." இரண்டு மணி நேரத்தில் என் கேள்வியே காணாமல் போய்விட்டது.

சரி, அங்கிள் இங்கே சொல்கிறேன். இது என் சுவர், இங்கே யாரும் அழிக்க முடியாது.

பாரடே போனது இங்கிலாந்தில் டர்ஹாம் பகுதியின் ஹாஸ்வெல் சுரங்கத்துக்கு. அங்கே 1844 செப்டம்பர் 28 அன்று, உள்ளே தேங்கிய எரியும் வாயு வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 95 பேர் செத்தார்கள். அந்தப் பதிவில் 'சிலர்' என்று இருக்கிறது. சிலர்! அந்தக் கோடையில்தான் டர்ஹாம், நார்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து தோற்றிருந்தார்கள். முதலாளிக்குச் சொந்தமான வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சாமான்களைத் தெருவில் எறிந்து துரத்தியிருந்தார்கள். தோற்றுப்போய்த் திரும்ப இறங்கிய சில வாரங்களில் இந்த வெடிப்பு. தொழிலாளர்களின் வழக்கறிஞர் ராபர்ட்ஸ் பிரதமர் பீலிடம் போய் முறையிட்ட பிறகுதான் பாரடேயையும் லயலையும் அனுப்பினார்கள். எட்டு மணி நேரம் உள்ளே சுற்றினார்கள். நீங்கள் பார்த்துச் சிரித்த பை அந்த எட்டு மணி நேரத்தில் வருவது. ஒரு சாவு வீட்டில் நடந்த சம்பவம் அது. புரிகிறதா?

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். வெடிமருந்தைத் தூவிக் காட்டியவன் யாருடைய ஆள்? அரசாங்கத்தின் ஆளா? இல்லை. 1844இல் சுரங்கத்துக்குள் இறங்கிக் காற்றையும் கூரையையும் பார்க்க ஓர் அரசு இன்ஸ்பெக்டர் கிடையாது. காற்று சரியாக ஓடுகிறதா என்று பார்த்தவன் முதலாளியிடம் சம்பளம் வாங்கியவன். சரியில்லை என்று அவன் சொன்னால் வேலை நிற்கும். வேலை நின்றால் அவன் சம்பளம் என்ன ஆகும்? இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், என் நண்பர்களுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். சோதிக்கிறவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான், அவன் கீழே இறங்கினானா. இந்த இரண்டைக் கேட்காமல் பையைப் பற்றிச் சிரிக்காதீர்கள்.

'அப்போது சட்டமே இல்லையா?' என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். நல்ல கேள்வி. இருந்தது, 1842 சட்டம். அது எப்படி வந்தது தெரியுமா? 1838 ஜூலை 4, யார்க்ஷயரில் சில்க்ஸ்டோன் பக்கத்தில் ஹஸ்கர் சுரங்கம். இடி மழையில் மேலே இருந்த இயந்திரம் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பிள்ளைகள் சரிவான பக்கவழியாக வெளியேறப் பார்த்தார்கள். வழியில் ஒரு கதவு. வெள்ளம் அந்தக் கதவோடு சேர்த்து அவர்களை அழுத்திவிட்டது. 26 பிள்ளைகள், 15 பையன்கள், 11 பெண்பிள்ளைகள். சின்னவருக்கு வயது 7. ஏழு! என் பேத்தியை இந்த வருஷம்தான் இரண்டாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம்.

அதன் பிறகு விசாரணைக் குழு, படங்களோடு அறிக்கை, நாடே அதிர்ச்சி. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களும் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம். பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் போட்டார்கள். ட்ரெமன்ஹீர் என்பவர், வழக்கறிஞர், அதற்கு முன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். மொத்த நாட்டுக்கும் அவர் ஒருவர். அவர் வேலை தொழிலாளர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதுவது. காற்றோட்டம், கூரை, வாயு எல்லாம் அவர் கணக்கில் வராது. இதற்கே சுரங்க முதலாளியான லண்டன்டெர்ரி பிரபு பொங்கினார். இன்ஸ்பெக்டர் வந்தால், முடிந்தால் இறங்கிக்கொள், இறங்கிய பிறகு அங்கேயே இருந்துகொள் என்று சொல்வேன் என்றார். பிரபுக்கள் சபைப் பேச்சு இது. அந்தப் பக்கத்தார் துணுக்குப் போட இதை ஏன் எடுப்பதில்லை? இதில் நகைச்சுவை குறைவா?

அதற்கும் முந்தைய கதை இன்னும் அழகு. 1767இல் நியூகாசில் பத்திரிகை ஒன்று, இந்த மாதிரிச் சம்பவங்களைப் பெரிதாக எழுத வேண்டாம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே அச்சடித்தது. சாவு மட்டும் இல்லை, சாவுச் செய்தியும் கீழேயே கிடக்கட்டும் என்பது ஏற்பாடு. 1812இல் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் செத்தபோது உள்ளூர்ப் பாதிரியார் ஹாட்ஜ்சன் சும்மா இருக்காமல் எழுதி வெளியிட்டார். அதைத் தொடர்ந்து கிளம்பிய பேச்சில்தான் 1815இல் டேவி விளக்கு, அதாவது சுடரைக் கம்பி வலையால் மூடிய பாதுகாப்பு விளக்கு, வந்தது. நம் பாடப் புத்தகத்தில் டேவி விளக்கு இருக்கும், ஃபெல்லிங் இருக்காது.

'தொழிலாளி மேல் தப்பே இல்லையா?' இதைக் கேட்காமல் யாரும் விடப்போவதில்லை. இருக்கிறது. விளக்கின் கம்பி வலையைத் திறந்து பைப்பு பற்றவைத்தவர்கள் உண்டு. டேவி விளக்கை விட்டுவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் உண்டு. ஏன் ஏற்றினார்கள்? அந்த விளக்கின் வெளிச்சத்தில் கண் தெரியாது. கூலி, வெட்டிய கரியின் கணக்கில். கண் தெரியாவிட்டால் கரி குறையும், கரி குறைந்தால் அடுப்பு எரியாது. அவ்வளவுதான், இந்தக் கேள்விக்கு இதற்குமேல் நேரம் தர எனக்கு மனசில்லை. நீங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து அவன் கவனக்குறைவைப் பற்றி எழுதுங்கள்.

'அன்றைக்கு அறிவியல் அவ்வளவுதான்' என்பது அடுத்தது. அய்யோ. பாரடேயும் லயலும் எழுதிக் கொடுத்த அறிக்கையிலேயே, வாயு மட்டும் இல்லை, நிலக்கரித் தூசும் சேர்ந்து எரிந்திருக்கிறது என்று இருக்கிறது. கரி எடுத்த பிறகு சரியவிட்ட வெற்றிடங்களில் வாயு தேங்குகிறது, அதை வெளியே இழுக்க வழி செய்யுங்கள் என்றும் இருக்கிறது. முதலாளிகள் சங்கம் என்ன சொன்னது? நடைமுறைக்கு ஒத்துவராது. தூசு விஷயத்தை எல்லாரும் ஏற்றுக்கொள்ள இன்னும் அறுபது வருஷம் ஆனது. அறிவியல் இருந்தது ஐயா, செலவு செய்ய மனசு இல்லை. அப்புறம் ஹாஸ்வெல் சாவுகள் பற்றிய மரண விசாரணையின் தீர்ப்பு: விபத்து. யார் மேலும் குற்றமில்லை.

உள்ளே இறங்கிப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள் 1850இல்தான் வந்தார்கள். எத்தனை பேர்? நான்கு. சுரங்கங்கள் சுமார் 2000. தலைக்கு ஐநூறு. நான்கு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும், செத்த பிறகு போய்ப் பார்க்கலாம். இதையும் ஐந்து வருஷத்துக்குப் பரிசோதனையாகத்தான் கொண்டுவந்தார்கள். அந்த நால்வரை நான் குறை சொல்லவில்லை. டிக்கின்சன், டன் எல்லாம் தொழில் தெரிந்தவர்கள். ஆனால் சட்டத்தில் இல்லாததை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? 1862 ஜனவரியில் ஹார்ட்லி சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் பிரம்மாண்ட இரும்பு உத்தரம் உடைந்து சுரங்கக் கிணற்றுக்குள் விழுந்து அடைத்துக்கொண்டது. உள்ளே போகவும் வரவும் அந்த ஒரே வழி. 204 பேர். ஒரே வழி வைத்திருப்பது அன்றைக்குச் சட்டப்படி தப்பே இல்லை. அதே வருஷம் இரண்டு வழி கட்டாயம் என்று சட்டம் வந்தது. 204 பேரைக் கொடுத்து ஒரு வாசல் வாங்கினார்கள்.

சட்டம் வந்தால் மட்டும்? வேல்ஸில் செங்கென்னித் சுரங்கம். காற்றைத் திருப்பி ஓடவிடும் விசிறி வேண்டும் என்று 1911 சட்டம் சொன்னது, கெடுவும் வைத்தது. கெடு முடிந்தும் வைக்கவில்லை. 1913 அக்டோபர் 14 அன்று வெடித்தது. மீட்கப் போனவர் ஒருவரோடு சேர்த்து 440 பேர். மேனேஜருக்கு அபராதம் 24 பவுண்டு. தலைக்கு ஒரு ஷில்லிங் ஒரு பென்னி சொச்சம் என்று பத்திரிகைகள் கணக்குப் போட்டன. அதற்கும் யாராவது ஹாஹா போடுங்கள்.

எங்கோ போய்விட்டேன். ஏன் இவ்வளவு கோபம், இங்கிலாந்துக் கதை உனக்கென்ன என்று கேட்பீர்கள். பதினோரு வருஷம் ஒரு சாயப்பட்டறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன், பழைய நண்பர்களுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பது எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் தொழிலாளர்கள் காலில் பூட்ஸ், சுவரில் புது தீயணைப்பு உருளை. அவர் ஆபீஸ் அறையைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. இளநீர், ரெஜிஸ்டர், கையெழுத்து. சில வருஷம் இளநீர் மட்டும்.

அவரைத் திட்டி முடித்துக்கொண்டால் எனக்கு எளிது. ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் ஆள் இறங்குவதற்கு முன் ஒரு தாளில் 'வாயு சோதிக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது, அதன் பேட்டரி எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. "டிக் போடுங்க தம்பி, தொட்டி நிரம்புது" என்பார் மேனேஜர். டிக் போட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு நாள் இறங்கிய பையன் ஏணியின் நான்காம் படியில் சத்தமில்லாமல் சாய்ந்தான். கயிற்றில் இழுத்தோம். பிழைத்தான். ஆனால் அதன் பிறகு அவன் பேச்சு தெளிவாக வரவில்லை. விசாரணையில் எழுதிய வார்த்தை: கவனக்குறைவு. யாருடைய கவனக்குறைவு? அவனுடையதாம். தாளில் என் கையெழுத்து இருந்ததே, எல்லாம் சரி என்று.

ஆகவே, சுடரில் வெடிமருந்து தூவிக் காட்டியவனைப் பார்த்து 'முட்டாள்' என்று நீங்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனாவது எதையோ தூவி அளந்தான். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

'இவனே ஒத்துக்கொள்கிறான் பார்' என்று இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள். போடட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த ஹாஹா வரிசையில் யார் யார் என்று நேற்று இரவு மெனக்கெட்டு விரித்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் எனக்குத் தெரிந்த ஒரு பெயர் இருந்தது. அண்ணே, அன்றைக்குக் கயிற்றின் முன்பக்கம் பிடித்தது நீங்கள். உங்கள் உள்ளங்கை உரிந்து, ஒரு வாரம் ஸ்பூனில் சாப்பிட்டீர்கள். பெயரை இங்கே போடமாட்டேன். படிக்காமல் விரல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். காலையில் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடுங்கள்.